திமிங்கில வேட்டையும் பொய்க் கணக்கும்

எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் திமிங்கிலங்களைக் கொன்று குவித்த நாடுகள் 1946-ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி அமைந்த சர்வதேசத் திமிங்கிலக் கமிஷன், எவ்வினத்தை எப்பருவத்தில் வேட்டையாடலாம் என்று வரையறுத்தது. ஆயினும், வேட்டைக் கப்பல்களைக் கண்காணிக்கும் பொறுப்பு அந்தந்த நாட்டு அதிகாரிகளிடமே விடப்பட்டது. விளைவு யாது? வேலியே பயிரை மேய்ந்தது.

தென்கடல்களில் 2,710 கூன்முதுகுத் திமிங்கிலங்களையே பிடித்ததாகச் சோவியத் அரசு கணக்குக் காட்டிற்று. உண்மையில் மடிந்தவை 48,000-க்கும் மேல்! நம் மேற்குக் கரையை அடுத்த அரபிக் கடலிலும் 1965, 1966-ஆம் ஆண்டுகளில் அவ்வினத்தில் 242 களவாகக் கொல்லப்பட்டன. இன்று அங்கே அவை மிகவும் அருகிவிட்டன.

1972-இல் பிறநாட்டுப் பார்வையாளர்கள் கப்பலேறிய பின்னரே களவு குறைந்தது. 1993-இல் ருஷ்ய விஞ்ஞானி அலெக்ஸி யாப்லகோவ் இம்மோசடியை உலகறியச் செய்தார். மறைத்துக் காத்த மெய்க் கணக்குகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

இதற்கிடையே, வாணிப வேட்டையை நிறுத்தக் கமிஷன் 1982-இல் தீர்மானித்தது. 1986-இல் தடை நடைமுறைக்கு வந்தது. ஜப்பானோ 2019-இல் கமிஷனை விட்டு விலகி, மீண்டும் வேட்டை தொடங்கிற்று.

சட்டம் எழுதினால் மட்டும் போதாது. கடல் நடுவிலும் அதற்கொரு சாட்சி வேண்டும்.