கேட்போரின்றிப் பேச்சில்லை: 'காஸ்ட் அவே' திரைப்படமும் திணைச் சிக்கலும்

தனித்து விடப்பட்ட மனிதன் உயிர் பிழைத்தலைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களுள், ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கி 2000இல் வெளிவந்த 'காஸ்ட் அவே' மொழியியலார் தனித்து நோக்கத்தக்கது. பொதிகளை விரைந்து கொண்டு சேர்க்கும் நிறுவனமொன்றின் அலுவலனான சக் நோலண்ட் (நடிகர் டாம் ஹாங்க்ஸ்), விமானம் பசிபிக் பெருங்கடலில் வீழ்ந்ததால் ஆளில்லாத் தீவொன்றில் நான்கு ஆண்டுகள் வாழ்கிறான். தீவில் நிகழும் காட்சிகளுக்குப் பின்னணி இசை இல்லை. அலையும் காற்றும் அவன் குரலுமே ஒலிக்கின்றன. படத்தின் உணர்ச்சி முழுவதும் அக்குரல் யாரை நோக்கி எழுகிறது என்பதையே பற்றி நிற்கிறது. அதனைத் தமிழில் பெயர்க்க முனைவார்க்கு நம் இலக்கணம் தரும் துணையும் தடையும் எவையெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேச்சுக்குக் கேட்போர் தேவையா என்னும் வினா பழையது. ருஷ்ய உளவியலறிஞர் வைகாட்ஸ்கி, 1934இல் வெளிவந்த தம் நூலில், குழந்தைகள் தமக்குத் தாமே பேசிக்கொள்ளும் பேச்சினை ஆராய்ந்தார். செவிப்புலனற்ற குழந்தைகளிடையிலோ வேற்றுமொழிக் குழந்தைகளிடையிலோ ஒரு குழந்தையை இருத்தியபோது அத்தற்பேச்சு பெரிதும் குறைந்தது. தன் பேச்சு பிறர்க்கு விளங்குகிறது என்னும் எண்ணம் அகன்றால் தனக்குத்தானே பேசுதலும் தளர்கிறது என்பது அவர் கண்ட முடிவு. 1704 முதல் 1709 வரை ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவில் தனித்திருந்த அலெக்சாண்டர் செல்கிர்க் என்னும் மாலுமியின் வரலாறும் இதற்கு இயைந்ததே. அவர் விவிலியம் படித்தும் திருப்பாடல்களைப் பாடியும் வந்தார். எனினும், மீட்கப்பட்டபோது சொற்களைப் பாதிபாதியாகவே கூறினார் என்று மீட்புக் கப்பல்களின் தலைவர் வுட்ஸ் ரோஜர்ஸ் 1712இல் எழுதியுள்ளார். வாயில் மொழி இருந்தது, முன்னிலையில் ஆளில்லை.

திரைப்படத்தில் அம்முன்னிலையாக அமைவது ஒரு கைப்பந்து. தீமூட்ட முயன்று கையைக் கிழித்துக்கொண்ட நோலண்ட், சினத்தில் பந்தை வீசியெறிகிறான். குருதி தோய்ந்த கைத்தடம் அதன்மேல் முகம்போற் பதிகிறது. பந்திலுள்ள வணிகப்பெயரே 'வில்சன்' என்று அதன் பெயராகிறது. செய்தவர் பெயர் செய்பொருளுக்கு ஆதலின் இதனைக் கருத்தாவாகுபெயர் எனலாம். பின்னர் அது இயற்பெயராகவே நிலைத்துவிடுகிறது. அப்பெயர் அன் ஈற்றுச் சொல்போல் ஒலிப்பதால் தமிழ்ச் செவிக்கு ஆண்பாலாகவே படுவது தற்செயலானதொரு பேறு.

பேசாதனவற்றைப் பேசுவன போலவும் கேளாதனவற்றைக் கேட்பன போலவும் கூறும் வழக்கினைத் தொல்காப்பியமும் நன்னூலும் ஏற்கின்றன. கேட்டலையும் கிளத்தலையும் நன்னூலார் தனித்தனியே எண்ணியிருப்பது இங்குப் பொருத்தமுடையது. படத்திலும் அவ்விரண்டும் ஒரே நேரத்தில் நிகழவில்லை. முதலில் பந்து கேட்பதாக மட்டுமே அமைகிறது. நோலண்ட் அதனிடம் தீக்குச்சி உண்டோ என்று, அறிமுகமில்லாதவரிடம் வினவும் பணிவோடு வினவுகிறான். நான்கு ஆண்டுகளுக்குப் பின் வரும் பூசலிலோ, பந்து ஏதோ கூறியதாகவும் அதற்குத் தான் மறுமொழி தருவதாகவும் பேசுகிறான். நாம் கேட்பது ஒருபக்கப் பேச்சே ஆயினும், மறுபக்கமும் உண்டென நம்பிவிடுகிறோம்.

ஆங்கில முன்னிலைப் பெயரில் ஒருமை பன்மை வேறுபாடோ மதிப்பு வேறுபாடோ இல்லை. தமிழில் 'நீ', 'நீங்கள்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். முதல் வினாவை 'உங்களிடம் தீக்குச்சி இருக்குமா?' என்றும், பிந்தைய பேச்சினை 'நீ' என்றும் பெயர்ப்பதே தகும் என்பது எம் கருத்து. மூலத்தில் தொனியால் மட்டும் உணர்த்தப்படும் நெருக்கத்தின் வளர்ச்சி தமிழில் சொல்லிலேயே புலப்படும்.

திணையைப் பொறுத்தவரை நிலைமை வேறு. முன்னிலை இருதிணைக்கும் பொது. 'நீ வந்தாய்' என்பது மகனுக்கும் மரத்துக்கும் ஒக்கும். ஆதலின் நோலண்ட் பந்தை நோக்கிப் பேசும் காலமெல்லாம் திணைவழு நேர்வதேயில்லை. படர்க்கையில் கதை கூறும் நமக்கே சிக்கல் எழுகிறது. 'வில்சன் மிதந்து போகிறது' என்பதா, 'போகிறான்' என்பதா? உவப்பினாலும் சினத்தினாலும் திணை மயங்குதலை இலக்கணம் வழுவமைதியாகக் கொள்ளும். பசுவை 'அம்மை வந்தாள்' என்பதை உரையாசிரியர்கள் காட்டுவர். படத்திலோ சினம் எதிர்த்திசையில் இயங்குகிறது. பூசலின் உச்சத்தில் நோலண்ட், எஞ்சிய வாழ்நாளை ஒரு பந்தோடு பேசிக் கழிப்பதா என்று கத்திவிட்டு, அதனைக் குகையினின்று வெளியே தள்ளுகிறான். பெயர் நீங்கிப் பொதுச்சொல் வருகிறது. வில்சன் தன் உண்மையான திணைக்கே திரும்பிவிடுகிறது. அடுத்த நொடியில் அஞ்சி, பெயர் சொல்லிக் கூவிக்கொண்டே இருளில் தேடி ஓடுகிறான். இவ்விடத்தில் பொதுச்சொல்லைத் தவிர்த்து 'உன்னோடு' என்று பெயர்ப்பவர் காட்சியையே இழந்துவிடுவர்.

தெப்பத்தில் தீவை விட்டு நீங்கியபின், உறக்கத்தில் பந்து நழுவிக் கடலில் அகல்கிறது. தெப்பத்தோடு பிணித்த கயிற்றைப் பற்றிக்கொண்டு நோலண்ட் நீந்துகிறான். கயிறு எட்டவில்லை. கயிற்றை விட்டால் தெப்பம் போகும். விடாவிடில் வில்சன் போகும். அக்காட்சியின் உரையாடல் பெரும்பாலும் விளியே. அண்மை விளி இயல்பாயும் சேய்மை விளி நீண்டும் ஒலிக்கும் என விளிமரபு கூறுவதற்கேற்ப, தொலைவு மிக மிக அப்பெயர் நீள்கிறது. துணையெழுத்து அமைப்போர் ஒரே வடிவை மீண்டும் மீண்டும் இடாது அளபெடையால் இதனைக் காட்டலாம்.

விளியை அடுத்து வருவது மன்னிப்பு. ஆங்கிலத் தொடர் பேசுவோன் தன் வருத்தத்தைத் தெரிவிப்பதோடு நின்றுவிடும். கேட்போன் செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை. 'வருந்துகிறேன்' என்பது பொருளளவில் அதற்கு நேரானதே. ஆயினும் கடல் நடுவே கதறுபவன் வாயில் அச்சொல் வராது. தமிழில் அவ்விடத்துக்குரிய சொல் 'மன்னித்துவிடு' என்பதே. அது ஏவல் வினை. மன்னிக்கும் செயல் கேட்போனிடமே விடப்படுகிறது. அவனோ அலைகளுக்கிடையே புள்ளியாகி மறைகிறான்.