‘ஏலா’ என்பது சோம்பல் அல்ல

சம்மாந்துறையில் வயது போன பெண்களிடம் சுகம் விசாரித்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “ஏலா மகள்” என்பதுதான். அந்த ஒரு சொல்லுக்குள் முழங்கால் உளைவும் இருக்கும், நித்திரையின்மையும் இருக்கும், மனக்கவலையும் இருக்கும். “வயசு போனால் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு நாமும் நகர்ந்து விடுகிறோம். ஆனால் புற்றுநோய் கண்ட ஒருவர் ‘ஏலா’ என்று சொன்னால் அதை அப்படி விட்டுவிடக் கூடாது.

என் உம்மாவுக்கு 68 வயது. 1990ஆம் ஆண்டு வன்செயலில் வாப்பாவை இழந்த பிறகு, நெல் அவித்து, குத்தி, அரிசி விற்று எங்கள் நான்கு பேரையும் வளர்த்தவர். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை, பின்னர் கீமோ என்று எல்லாம் முடிந்து ஒரு வருடம் தாண்டியும், அவரால் ஒரு வாளித் தண்ணீர் தூக்க முடியவில்லை. தலை சீவும்போதும் இடையில் நிறுத்தி இளைப்பாறுவார். நித்திரை கொண்டு எழும்பினாலும் களைப்புத் தீராது. “வருத்தம் சுகம் எண்டு டொக்டர் சொல்றார். நான்தான் சோம்பேறியாப் போயிட்டன் மகள்” என்று அழுவார். உழைத்தே மானத்தைக் காப்பாற்றிய பெண்களுக்குச் சும்மா படுத்திருப்பது நோயைவிடப் பெரிய வேதனை.

இந்தக் களைப்பு சோம்பல் அல்ல. புற்றுநோயாலும் அதன் சிகிச்சையாலும் வருவது. சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, வலி, நித்திரையின்மை, மனச்சோர்வு, போதிய சாப்பாடு இல்லாமை ஆகியனவும் இதைக் கூட்டும். இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. ஆகவே முதல் வேலை, கிளினிக்கில் வைத்தியரிடம் களைப்பைப் பற்றிச் சொல்வதுதான். முடிந்த அளவு தினமும் சிறிது நடப்பதும் களைப்பைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இவற்றோடு சேர்த்துச் செய்யக்கூடிய ஒன்றுதான் அக்குபிரஷர். அக்குபங்சரில் ஊசி குத்தும் இடங்களை இதில் விரலால் அழுத்துவார்கள். ஊசியும் இல்லை, செலவும் இல்லை. அந்நியர் கை படவும் தேவையில்லை. தானே செய்யலாம், மகளோ மருமகளோ செய்து விடலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த பெண்களிடம் இதைச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். தமக்குத் தாமே தினமும் அழுத்திய பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 6 வாரத்தில் களைப்பு சாதாரண அளவுக்குக் குறைந்தது. வழமையான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கே அப்படிக் குறைந்தது. உடலைத் தளர்த்தும் புள்ளிகளை அழுத்தியவர்களுக்கு நித்திரையும் சீரானது. இந்த ஆய்வில் போலியான இடங்களை அழுத்தி ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எனவே ஓய்வாக உட்கார்ந்ததும் ஓரளவு உதவியிருக்கலாம்.

அந்தத் தளர்த்தும் புள்ளிகள் இவை:

1. இரண்டு புருவங்களுக்கும் நடுவில்.

2. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேட்டுக்குப் பின்புறப் பள்ளத்தில்.

3. உள்ளங்கைப் பக்க மணிக்கட்டு மடிப்பில், சின்னவிரல் பக்கமாக உள்ள பள்ளத்தில்.

4. காலின் உட்புறம், கணுக்கால் மொழிக்கு நான்கு விரல் மேலே, எலும்பின் பின் விளிம்பில்.

5. பாதத்தின் மேற்புறம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில், சற்று மேலே.

ஒவ்வொன்றிலும் 3 நிமிடம், விரல் நுனியால் மெதுவாக வட்டமாக அழுத்த வேண்டும். இரு பக்கமும் செய்தால் ஏறக்குறைய அரை மணித்தியாலம் எடுக்கும். நோகும்படி அழுத்தக் கூடாது. நாங்கள் இஷாத் தொழுகைக்குப் பிறகு, படுக்கப் போகுமுன் செய்கிறோம்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. இரத்தத் தட்டுக்கள் குறைந்தவர்கள், இரத்தம் உறையாமல் மருந்து எடுப்பவர்கள், எலும்புக்கு நோய் பரவியவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கட்டி, புண், வீக்கம், கதிர்ச் சிகிச்சை செய்த தோல் ஆகிய இடங்களில் அழுத்தக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது இரத்தக் கட்டாக இருக்கலாம். தொடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கர்ப்பிணிகள் தம் காலில் நான்காவது புள்ளியை அழுத்துவதைத் தவிர்க்க வேண்டும்.

இது புற்றுநோயைச் சுகப்படுத்தாது. “அழுத்தினால் போதும், மருந்தை நிறுத்து” என்று காசு கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

உம்மாவுக்கு முதலில் சீரானது நித்திரைதான். பிறகு வளவுக்குள் நடக்கத் தொடங்கினார். களைப்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் தன்னைச் சோம்பேறி என்று சொல்வதை விட்டுவிட்டார். அந்த அரை மணித்தியாலத்தில்தான் அவர் வாப்பாவைப் பற்றியும் எங்களிடம் கதைக்கிறார். இத்தனை வருடமும் வேலைக்குள் மறைத்து வைத்திருந்த கதைகள் அவை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு தாய் ‘ஏலா’ என்று சொல்லக் கூடும். எது ஏலாது, எப்போதிருந்து என்று கேளுங்கள். அதை ஒரு துண்டில் எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.