ஒரு தாய்க்கு நூறு பிள்ளை! வீட்டிலேயே பிறக்கும் கொலு பொம்மைகள்

நவராத்திரி வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு கொலு. படிக்குப் படி பொம்மை.

கொலு பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்து இருக்கலாம். இந்தத் தெருவில் ஒரு வீட்டில் செட்டியார் பொம்மை கடை விரித்து உட்கார்ந்து இருக்கும். அதே தொந்தி, அதே மூக்கு, அதே சிரிப்புடன் அடுத்த தெருவிலும் ஒரு செட்டியார் உட்கார்ந்து இருப்பார். இரட்டைப் பிள்ளைகள் கூட இப்படி ஒன்றுபோல் இருக்கமாட்டார்கள்!

இது எப்படி நடக்கிறது?

எல்லாம் அச்சு செய்யும் வேலை.

ஒரு பொம்மையைக் கையால் உருவாக்கப் பல நாட்கள் ஆகலாம். அதற்கு அச்சு எடுத்துவிட்டால், அப்புறம் அரை மணி நேரத்துக்கு ஒரு பொம்மை எடுக்கலாம். இதற்குப் பெரிய ஆலை வேண்டாம். புகைபோக்கி வேண்டாம். ஒரு திண்ணை, ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

வீடே பட்டறை

கடலூர் மாவட்டத்தில் உள்ளது பண்ருட்டி. பலாப்பழத்துக்குப் பெயர் போன ஊர். பொம்மைக்கும் பெயர் போன ஊர். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி, சென்னையில் கொசப்பேட்டை, இன்னும் காஞ்சிபுரம் என்று பொம்மை பிறக்கும் ஊர்கள் பல உண்டு. புதுச்சேரிப் பக்கம் போனால் வில்லியனூரின் சுடுமண் பொம்மையும், திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை.

இந்த ஊர்களில் பொம்மைத் தொழில் பெரும்பாலும் குடிசைத் தொழில். வீடே பட்டறை. ஒருவர் மண் பிசைவார். ஒருவர் அச்சில் அமுக்குவார். ஒருவர் காய வைத்துத் தேய்ப்பார். ஒருவர் வண்ணம் தீட்டுவார்.

அந்த வீடுகளில் பரணிலும் மூலையிலும் அச்சுகளை அடுக்கி வைத்து இருப்பார்கள். பார்ப்பதற்கு வெறும் வெள்ளைக் கட்டிகள். ஆனால் அவைதான் அந்தக் குடும்பத்தின் முதல். அச்சு இருந்தால்தான் அடுத்த ஆண்டு அடுப்பு எரியும்.

சுவாமிமலையில் வேறு கதை

அச்சு என்றால் எல்லாம் ஒரே அச்சு அல்ல. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுவாமிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உலோகச் சிலை வார்க்கிறார்கள்.

முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காய வைப்பார்கள். பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே காலியான இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும்.

ஆகவே, அங்கே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. அதே போல் இன்னொன்று வேண்டும் என்றால் மறுபடியும் மெழுகில் இருந்து தொடங்கவேண்டும்.

கொலு பொம்மை அச்சு அப்படி அல்ல. அதை உடைக்க வேண்டாம். திறக்கலாம், மூடலாம். திரும்பத் திரும்பப் பொம்மை எடுக்கலாம். அதனால்தான் சாதாரணக் குடும்பமும் கொலு பொம்மை வாங்க முடிகிறது.

தாய் பொம்மை

எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு பொம்மை வேண்டும். அதைத் தாய் பொம்மை என்று சொல்லலாம். கைதேர்ந்த கலைஞர் களிமண்ணில் அதை உருவாக்குவார். மூக்கு, விரல், நகை, சேலை மடிப்பு எல்லாம் இதில் திருத்தமாக இருக்கவேண்டும். தாயில் இல்லாதது பிள்ளைக்கு வராது!

தாய் பொம்மையைப் படுக்க வைத்து, பாதி உடல் வரை களிமண்ணில் புதைப்பார்கள். சுற்றிலும் வேலி கட்டுவார்கள். வெளியே தெரியும் பாதிமேல் எண்ணெய் தடவி, கரைத்த பிளாஸ்டர் ஆப் பாரிசை ஊற்றுவார்கள். அது இறுகியதும் புரட்டிப் போட்டு, களிமண்ணை எடுத்துவிடுவார்கள். இறுகிய பாதியின் விளிம்பில் இரண்டு மூன்று குழிகள் தோண்டி, சோப்புக் கரைசல் பூசி, மற்றப் பாதியை ஊற்றுவார்கள்.

குழி எதற்கு? அதில் ஊற்றியது முட்டுப் போல் இறுகிவிடும். இரண்டு பாதிகளையும் மூடும்போது முட்டு குழிக்குள் உட்காரும். அச்சு இம்மியும் நகராது. நகர்ந்தால் பொம்மையின் முன்பக்கம் ஒரு பக்கமும் முதுகு ஒரு பக்கமும் போய்விடும்!

பாரிசில் இருந்து வந்த பெயர்

பிளாஸ்டர் ஆப் பாரிஸ் என்பது என்ன? பூமியில் கிடைக்கும் ஜிப்சம் என்ற கல்லைச் சுமார் 150 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் வறுத்தால், கல்லுக்குள் இருக்கும் நீரில் பெரும் பகுதி போய்விடும். மிஞ்சும் தூள்தான் இது. பாரிஸ் நகரத்தின் மோன்மார்த்தர் குன்றில் இந்தக் கல் ஏராளமாகக் கிடைத்தது. அதனால் இந்தப் பெயர்.

தூளில் தண்ணீர் ஊற்றினால், இழந்த நீரை அது திரும்பக் குடித்துக் கல்லாகிவிடும். அப்போது கொதிப்பு போல் சூடு கிளம்பும். இதை நினைவில் வையுங்கள்.

இறுகி உலர்ந்த பிளாஸ்டர் அச்சுக்கு இன்னொரு குணம் உண்டு. மை ஒற்றும் தாள் மையை உறிஞ்சுவது போல், அது ஈரத்தை உறிஞ்சும். ஈரக் களிமண்ணை அதில் அமுக்கினால், மண்ணின் ஈரத்தை அச்சு இழுத்துக்கொள்ளும். மண் லேசாகச் சுருங்கி, தானாகவே அச்சைவிட்டு விலகும். பொம்மை சுலபமாக வெளியே வந்துவிடும்.

மூன்று வகைப் பிள்ளைகள்

ஒரே அச்சில் மூன்று வகையாகப் பொம்மை எடுக்கலாம்.

மண் பொம்மை: பிசைந்த மண்ணை அப்பளம்போல் தட்டி, அச்சின் இரண்டு பாதிகளிலும் கட்டைவிரலால் அமுக்கவேண்டும். விளிம்பில் மண் கூழ் தடவி, இரண்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். உள்ளே வெற்றிடமாக இருக்கும். அடியில் ஒரு துளை விடவேண்டும். துளை இல்லாமல் சூளையில் வைத்தால், உள்ளே அடைபடும் ஆவி பொம்மையை வெடிக்கச் செய்யும்.

காகிதக்கூழ் பொம்மை: பழைய காகிதத்தை ஊற வைத்து, அரைத்து, பசையும் சாக்குக்கட்டித் தூளும் சேர்த்துப் பிசைந்து அமுக்குவார்கள். எடை குறைவு. கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. மூட்டை கட்டி ரெயிலில் அனுப்ப ஏற்றது.

பிளாஸ்டர் பொம்மை: கரைத்து ஊற்றினால் போதும். வேலை சுருக்கு. ஆனால் எடை அதிகம். விளிம்பு எளிதில் உடையும்.

நீரில் கரைக்கும் பிள்ளையாருக்கு மட்டும் பிளாஸ்டர் கூடாது. அது குளத்தில் லேசில் கரையாது. கரைக்கும் சிலைகளை இதில் செய்யக்கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளும் கூறுகின்றன.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

தாராளமாக! முதல் முயற்சிக்கு, முதுகு தட்டையாக இருக்கும் சிறிய பொம்மையே நல்லது. கட்டைவிரல் உயரப் பிள்ளையார் போதும்.

1. களிமண்ணில் பிள்ளையார் செய்து, வழவழப்பான பலகையில் ஒட்டுங்கள். தும்பிக்கை, காது ஆகியவற்றுக்குப் பின்னால் சந்து இருக்கக் கூடாது. சந்து இருந்தால் பொம்மை அச்சில் மாட்டிக்கொள்ளும்.

2. பிள்ளையார்மேலும் பலகைமேலும் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவுங்கள். சுற்றிலும் அட்டையால் வேலி கட்டி, அடியில் களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

3. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து, அதில் ஒன்றரை முதல் இரண்டு டம்ளர் வரை தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். தண்ணீரில்தான் தூளைப் போடவேண்டும். தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும். குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் குமிழி வரும். குமிழி இருந்த இடம் பொம்மையில் மருவாகத் தெரியும்!

4. ஒரு மூலையில் இருந்து மெல்ல ஊற்றி, பலகையைத் தட்டுங்கள். குமிழி மேலே வந்துவிடும்.

5. முக்கால் மணி நேரம் கழித்துப் புரட்டி, களிமண்ணைச் சுரண்டி எடுங்கள். அச்சை நிழலில் இரண்டு மூன்று நாள் காய விடுங்கள்.

6. அச்சின் உள்ளே சோப்புக் கரைசலை இரண்டு மூன்று முறை பூசித் துடையுங்கள். இப்போது பிளாஸ்டர் ஊற்றலாம். அரை மணி நேரத்தில் தட்டினால் பிள்ளையார் வெளியே வந்து உட்காருவார்.

கலவை இறுகத் தொடங்கிய பிறகு மேலும் தண்ணீர் விட்டு இளக்கக் கூடாது. அப்படிச் செய்த பொம்மை தொட்டால் உதிரும். மீந்த கலவையைச் சமையல் அறைத் தொட்டியில் ஊற்றினால், குழாய்க்குள் கல்லாகி அடைத்துக்கொள்ளும்!

இப்போது சிலிகோன் ரப்பரிலும் அச்சு எடுக்கிறார்கள். அது வளையும். ஆகவே சந்து பொந்து உள்ள பொம்மையும் சுலபமாகக் கழன்று வரும். விலைதான் கூடுதல்.

விளையாட்டு வினையாகலாம்

தாய்மார்கள் கவனிக்கவேண்டிய செய்தி இது.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும் அல்லவா? பெரிய கட்டியாக இருந்தால் 60 டிகிரி வரை சூடு ஏறும். 2007-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி, தன் கையையே அச்சு எடுக்க ஆசைப்பட்டு, வாளியில் இருந்த கலவைக்குள் கைகளை வைத்தாள். கலவை இறுகிவிட்டது. கையை எடுக்க முடியவில்லை. சூடு தாங்காமல் துடித்தாள். கடைசியில் விரல்களை இழந்தாள்.

ஆகவே கையையோ காலையோ கலவைக்குள் வைக்கவே கூடாது. தூளைக் கொட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளவேண்டும்.

இன்னொரு ஆபத்து காரீயம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் காரீயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, பொம்மைப் போர்வீரர்களை வீட்டிலேயே செய்தார்கள். காரீயம் 327 டிகிரி சூட்டில் உருகிவிடும். வீட்டு அடுப்பே போதும். அதுதான் ஆபத்து! ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கான வெள்ளீயம் வேறு, இது வேறு. காரீயத்தின் புகையும் தூசியும் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். குழந்தைகளுக்கு இவ்வளவு காரீயம் பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பழைய பாட்டரியை உடைத்துக் காரீயம் எடுக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

நகலுக்கு நகல் எடுத்தால்?

"கடையில் ஒரு நல்ல பொம்மை வாங்கி, அதில் அச்சு எடுத்துவிடலாமே! தாய் பொம்மை எதற்கு?" என்று சிலருக்குத் தோன்றலாம்.

மண் பொம்மை காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். மண்ணைப் பொறுத்து, பத்தில் ஒரு பங்கு வரை கூடச் சுருங்கலாம். 10 அங்குலத் தாய்க்கு 9 அங்குலப் பிள்ளை. அந்தப் பிள்ளையில் அச்சு எடுத்தால் சுமார் 8 அங்குலப் பேரன். உயரம் மட்டுமா குறையும்? மூக்கு மழுங்கும். விரல்கள் ஒட்டிக்கொள்ளும். நகை வெறும் கோடாகிவிடும்.

கிரேக்க நாட்டில் டனாக்ரா என்ற ஊர் உண்டு. 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே அச்சில் மண் பொம்மைகள் எடுத்தார்கள். கல்லறைகளில் இருந்து அவை ஆயிரக்கணக்கில் கிடைத்தன. இப்படிப்பட்ட கிரேக்கப் பொம்மைகளை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்க்கிறார்கள். எது பெரிதாகவும் கூர்மையாகவும் இருக்கிறதோ அது மூத்த தலைமுறை. எது சிறுத்து மழுங்கி இருக்கிறதோ அது நகலின் நகல். நகல் எடுத்தவன் மறைந்து பல நூறு ஆண்டுகள் ஆயின. நகல் மட்டும் இன்றும் அவனைக் காட்டிக்கொடுக்கிறது!

பிளாஸ்டர் பொம்மை இப்படிச் சுருங்காது. ஆனால் நகலுக்கு நகல் எடுத்தால் அதுவும் மழுங்கும். அச்சும் எடுக்க எடுக்கத் தேயும். தேய்ந்த அச்சில் எத்தனை எடுத்தாலும் முகம் தெளியாது.

அதோடு, ஒருவர் பல நாள் உட்கார்ந்து செதுக்கிய முகத்தை இன்னொருவர் அச்செடுத்து விற்பது முறையும் அல்ல. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் சிற்பமும் கலைப் படைப்பாகவே சேர்க்கப்பட்டு இருக்கிறது.

கண் திறப்பது கைதான்

அச்சில் இருந்து வரும் பொம்மை குருடு. இணைப்புக் கோட்டைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டுவார்கள். கண்ணை அநேகமாகக் கடைசியில் எழுதுவார்கள். மெல்லிய தூரிகையால் இரண்டு புள்ளி. புள்ளி கொஞ்சம் விலகினால் அம்மன் கோபமாகப் பார்ப்பாள். சரியாக விழுந்தால் அருளாகப் பார்ப்பாள்.

அச்சு உடலைக் கொடுக்கும். பார்வையைக் கொடுக்க ஒரு கை வேண்டும். தாய் பொம்மையை உருவாக்கவும் ஒரு கை வேண்டும். அந்தக் கைகள் குறைந்து போனால், மிஞ்சுவது தேய்ந்த அச்சும் மழுங்கிய முகமும்தான்.

"தாயைப் போல பிள்ளை" என்பது பழமொழி. பொம்மைக்கும் அது பொருந்தும். இந்த ஆண்டு கொலுவுக்குப் புதுப் பொம்மை வாங்கும்போது, விலையை மட்டும் கேட்காதீர்கள். முகத்தைத் திருப்பி ஒருமுறை பாருங்கள். மூக்கு கூர்மையாக இருக்கிறதா? விரல்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா? அப்படி இருந்தால், எங்கோ ஒரு கலைஞர் அதற்காகப் புதிதாக ஒரு தாய் பொம்மை செய்திருக்கிறார் என்று பொருள். நாலு காசு கூடக் கொடுத்தாலும் தகும்.