மெலிந்த நெருப்பும் நுண்துளை அடுப்பும்

நான் வளர்ந்த கம்போங் மேடானில் மாலையானால் சாலையோரக் கடைகளில் அடுப்புகள் எரியத் தொடங்கிவிடும். ஒவ்வொரு அடுப்புக்குப் பின்னாலும் ஒரு காஸ் தோம்பு இருக்கும். 2025 மே மாதம் அரசாங்கம் ‘ஓப்ஸ் காசாக்’ சோதனையைத் தொடங்கியபோது, சிறு வியாபாரியின் வரவு செலவில் அந்தத் தோம்பு எவ்வளவு முக்கியம் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதே காஸைக் குறைவாகச் செலவழித்து, புகையும் குறைவாகச் சமைக்க முடியுமா? என் இறுதியாண்டு ஆய்வு இந்தக் கேள்வியை ஒட்டியதுதான்.

மெலிந்த கலவை என்றால் என்ன?

காஸ் எரியக் காற்று வேண்டும். மீத்தேன் வாயுவை எடுத்துக்கொண்டால், கலவையில் அது ஏறக்குறைய 9.5 விழுக்காடு இருக்கும்போது காற்றும் எரிபொருளும் மிச்சமின்றிச் சரியாகத் தீரும். இந்த அளவை 1 என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே போனால் ‘மெலிந்த கலவை’: காற்று அதிகம், எரிபொருள் குறைவு. அதில் வெப்பநிலை தணிவதால் நைட்ரஜன் ஆக்சைடுகள் மிகக் குறைவாகவே உண்டாகும். ஆனால் மீத்தேன் 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால், சாதாரணச் சுடர் அணைந்துவிடும். தன்னை அடுத்து வரும் குளிர்ந்த கலவையைச் சூடாக்க அதனிடம் போதிய வெப்பம் இருக்காது.

நுண்துளை என்ன செய்கிறது?

1971-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் வைன்பெர்க் ஒரு வழி சொன்னார்: வெளியேறும் சூட்டைக் கொண்டு, உள்ளே வரும் கலவையை முன்கூட்டியே சூடாக்குங்கள். வியாபாரி லாபத்தைச் செலவழிக்காமல் மீண்டும் முதலில் போடுவது போலத்தான். 1979-இல் ஜப்பானின் தக்கேனோவும் சாத்தோவும், சுடருக்குள்ளேயே துளைகள் நிறைந்த திடப்பொருளை வைக்கலாம் என்று காட்டினர்.

சுடர் அந்தப் பீங்கானைச் சூடாக்குகிறது. பீங்கான் அந்த வெப்பத்தைக் கடத்தலாலும் கதிர்வீச்சாலும் பின்னோக்கி அனுப்புகிறது. வாயுவைவிடத் திடப்பொருள் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால், மெலிந்த கலவையும் அணையாமல் எரிகிறது. பொதுவாக இரண்டு அடுக்குகள் வைப்பார்கள். கீழடுக்கின் துளைகள் மிகச் சிறியவை என்பதால் சுடர் அதற்குள் பின்வாங்க முடியாது. மேலடுக்கின் பெரிய துளைகளில்தான் அது எரியும்.

கணினியில் எப்படி?

பீங்கானுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. வெப்பமானியை நுழைத்தாலும், அது காட்டுவது வாயுவின் சூடா பீங்கானின் சூடா என்று பிரித்தறிவது கடினம். ஆகவே கணினியில் போலச் செய்து பார்க்கிறோம். அடுப்பைப் பல மெல்லிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வாயுவுக்கு ஒரு வெப்பநிலை, பீங்கானுக்கு ஒரு வெப்பநிலை என்று இரண்டு சமன்பாடுகள் எழுதுகிறோம். அவற்றுக்கிடையே எவ்வளவு வெப்பம் கைமாறுகிறது என்பதே இரண்டையும் இணைக்கும் பாலம்.

அடுத்தது வேதியியல். மீத்தேன் எரிவதற்கான ‘கிரி-மெக் 3.0’ என்னும் தொகுப்பில் 53 வேதிப்பொருள்களும் 325 வினைகளும் உள்ளன. முதலில் ஒரே வினையாகச் சுருக்கிக் கணக்கிட்டு, சுடர் நிற்கும் இடத்தை அறிந்த பிறகே முழுத் தொகுப்பைச் சேர்த்தேன். பீங்கானின் வெப்பக் கடத்தலை மட்டும் கணக்கில் குறைத்தால், அடுக்குகளின் எல்லையில் நின்ற சுடர் நகர்ந்து வெளியே போய் அணைந்துவிடுகிறது. எந்தப் பீங்கானை வாங்குவது என்பதைப் பணம் செலவழிக்கும் முன்பே இப்படி அறியலாம்.

நமக்கு என்ன பயன்?

குவஹாத்தி ஐஐடியில் மிஸ்ராவும் முத்துக்குமாரும் அவர்கள் குழுவினரும் சமையல் காஸுக்கு இத்தகைய அடுப்பைச் செய்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். அதன் உச்சத் திறன் 68 விழுக்காடு. இது சாதாரண அடுப்பைவிட 3 விழுக்காடு அதிகம். இது சிறிய இலாபமாகத் தோன்றலாம். ஆனால் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் வெகுவாகக் குறைந்தது. சன்னல் திறக்க வழியில்லாத அடுக்குமாடிச் சமையலறைக்கு அதுதான் பெரிய இலாபம். நம் நாட்டிலும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்துறையை ஆராய்ந்து, 2009-இல் விரிவான மீள்பார்வைக் கட்டுரை ஒன்றை வெளியிட்டுள்ளனர்.

தடைகளும் உண்டு. மெலிந்த கலவைக்கு அதிகக் காற்று வேண்டும். அதற்குக் காற்றூதி தேவைப்படலாம். சூடேறி ஆறும்போது பீங்கான் விரிசல் விடக்கூடும். கடைக்காரர் தினமும் பற்றவைத்து அணைக்கும் அடுப்பு இதையெல்லாம் தாங்க வேண்டும். அதற்குக் கணினிக் கணக்கு மட்டும் போதாது. பொருளியல் துறை மாணவரும் இயந்திரவியல் மாணவரும் ஒன்றாக அமர வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் நாம் படித்த ‘வெப்பம் பரவும் மூன்று வழிகள்’ பாடம் நினைவிருக்கிறதா? கடத்தல், சலனம், கதிர்வீச்சு. இந்த அடுப்புக்குள் நடப்பதும் அவ்வளவுதான். இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் தம்பி தங்கைகள் அந்தப் பாடத்திலிருந்தே தொடங்கலாம்.