கூடாரத்துக் கறிவேப்பிலைக்கு ஈரக்காற்று

ரொறன்ரோவில் கறிவேப்பிலைச் செடியைப் பனிக்காலம் தாண்ட வைப்பது லேசான காரியமல்ல. வெளியே விட்டால் உறைந்து செத்துவிடும். உள்ளே கொண்டுவந்தால் இலை கொட்டும். அதற்காகவே சிலர் பேஸ்மென்டில் க்ரோ டென்ட் என்ற செடி வளர்ப்புக் கூடாரத்தை நிறுத்தி, எல்.இ.டி. விளக்குப் போட்டு வளர்க்கிறார்கள். வெளிச்சக் குறை அதோடு தீரும். வறட்சி தீராது.

மைனஸ் 10 டிகிரிக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்றில் 2 கிராம் சொச்சம் நீராவிதான் தங்கும். அதே காற்று வீட்டுக்குள் 22 டிகிரிக்குச் சூடானால் 19 கிராம் வரை தாங்கும். உள்ளே இருப்பதோ பழைய 2 கிராம்தான். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சமையலும் குளியலும் அதைக் கொஞ்சம் ஏற்றிவிடும், அவ்வளவே. இந்த வறட்சியில்தான் சிலந்திப்பேன் பெருகும். இலையில் ஊசி குத்தியது போல் வெளிர்ப்புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை: கண்டால் அதுதான்.

60 செ.மீ. அகலமும் நீளமும், 140 செ.மீ. உயரமும் உள்ள சின்னக் கூடாரம் அரை கன மீட்டர். அதில் ஈரப்பதத்தை 30லிருந்து 55 சதவீதத்துக்கு ஏற்ற அரைத் தேக்கரண்டித் தண்ணீர் போதும். பிறகு ஏன் காற்றுக்கு ஈரமூட்டும் ஹியூமிடிஃபயர் நாள் முழுக்க ஓடியும் ஈரப்பத மீட்டர் அசைவதில்லை? காற்றை வெளியே தள்ளும் ஃபேன்தான் காரணம். மணிக்கு 170 கன மீட்டர் இழுக்கும் ஃபேன், கூடாரத்துக் காற்றைப் பத்துப் பன்னிரண்டு விநாடியில் மாற்றிவிடும். அதற்கு ஈடுகொடுக்க மணிக்கு 800 கிராம் தண்ணீர் வேண்டும். ஆகவே பெரிய ஹியூமிடிஃபயர் வாங்க ஓடாதீர்கள். முதலில் அந்த ஃபேனின் வேகத்தைக் குறையுங்கள். உள்ளே சூடு ஏறாதவரை மெதுவாகவே ஓடட்டும். உள்ளே காற்றைச் சுழற்றும் சின்ன ஃபேனை மட்டும் நிறுத்தவே கூடாது. அது நின்றால் இலைகளுக்கிடையே ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஹியூமிடிஃபயரைக் கூடாரத்துக்கு வெளியே வைத்து, குழாய் வழியே அதன் நீர்ப்புகையை உள்ளே விடுவதுதான் பாதுகாப்பு. குழாய் நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். புகை ஃபேனின் பின்பக்கத்திலோ விளக்கிலோ நேராகப் படக்கூடாது. மின்சாரப் பலகையைத் தரையில் போடாமல், கூடாரத்துக்கு வெளியே உயரத்தில் மாட்டுங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பிளக் பாயின்ட் கட்டாயம் வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அல்ட்ராசோனிக் வகை ஹியூமிடிஃபயரில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பு வெள்ளைத் தூளாக இலையில் படியும். காய்ச்சி வடித்த நீர் நல்லது. தொட்டியைச் சில நாளுக்கொருமுறை கழுவுங்கள். வழவழப்புத் தட்டினால் அதிலுள்ள கிருமியும் புகையோடு காற்றில் ஏறி உங்கள் மூச்சுக்குள் போகும்.

விளக்கு அணையும் நேரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 24 டிகிரியில் 65 சதவீதமாக இருந்த காற்று 18 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஒரு சொட்டு நீர் சேர்க்காமலே 90ஐத் தாண்டிவிடும். விளக்கு அணைவதற்கு அரை மணி நேரம் முன்பே ஹியூமிடிஃபயர் நிற்கும்படி டைமர் வையுங்கள். கூடாரக் காற்று அறைக்குள்ளேயே வெளியேறுகிறது என்றால் ஜன்னல் கண்ணாடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ் விளிம்பில் தினமும் நீர் கோத்து நின்றால், கூடாரத்து ஈரப்பத அளவை 5 சதவீதம் இறக்கிவிடலாம்.