சேற்றில் ஓடும் மின்சாரம்

தாராபுரத்தை அடுத்து, அமராவதியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் நஞ்செய் நிலங்கள் உண்டு. நீர் தேங்கிய வயலில் இறங்கி நடந்தால், கால் புதையும் இடத்திலிருந்து குமிழிகள் எழக் காணலாம். அவற்றில் மீத்தேன் என்னும் வாயு கலந்துள்ளது. உலகம் வெப்பமடைவதற்கு அதுவும் ஒரு காரணம். வயற்சேற்றின் மேற்பரப்பில் பிராணவாயு உண்டு. சற்று ஆழத்தில் அது இல்லை. அங்கு வாழும் நுண்ணுயிர்களே இவ்வாயுவை உண்டாக்குகின்றன.

உயிர்கள் உணவிலிருந்து ஆற்றல் பெறும்போது எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றை ஏற்க ஒரு பொருள் வேண்டும். நமக்கு அது பிராணவாயு. சேற்று நுண்ணுயிர்கள் சிலவற்றிற்கோ அது இரும்புத் துரு! சேற்றில் ஒரு கரித்தகட்டைப் புதைத்து, மேலுள்ள நீரில் மற்றொன்றை வைத்துக் கம்பியால் இணைத்தால், இந்நுண்ணுயிர்கள் புதைந்த தகட்டில் குடியேறும். கம்பியில் சிறிதளவு மின்சாரம் ஓடும். நுண்ணுயிர்களிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை இங்கிலாந்தில் பாட்டர் என்பவர் 1911-ஆம் ஆண்டிலேயே காட்டினார்.

கம்பியாகவே வாழும் நுண்ணுயிர்களும் உள. ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர்ந்த இவ்விழைகளை டென்மார்க்கு நாட்டு அறிவியலார் 2012-இல் விளக்கினர். இழையின் கீழ்முனை, கருஞ்சேற்றிலுள்ள கந்தகப் பொருள்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெறுகிறது. மேல்முனை அவற்றைப் பிராணவாயுவிடம் சேர்க்கிறது. இதனால் சேற்றில் மின்புலம் தோன்றுகிறது. நேர்மின்னேற்றம் பெற்ற அயனிகள் மேல்நோக்கியும், எதிர்மின்னேற்றம் பெற்றவை கீழ்நோக்கியும் நகர்கின்றன.

இதனால் வயலுக்கு என்ன பயன்? இவ்விழைகள் வாழும் சேற்றில் சல்பேட்டு மிகுகிறது. அதனைக் கொண்டு வாழும் வேறு நுண்ணுயிர்கள் பெருகி, மீத்தேன் உண்டாக்குவனவற்றின் உணவைக் கவர்ந்துகொள்கின்றன. நெற்பயிர் வளர்த்த தொட்டிகளில் இவ்விழைகளை இட்டுச் செய்த சோதனையில், மீத்தேன் 93 விழுக்காடு குறைந்ததென 2020-இல் வெளியிடப்பட்டது.

வெளியிலிருந்தும் மண்ணில் மின்புலம் உண்டாக்கலாம். பெரும்பாலான நுண்ணுயிர்களின் புறப்பரப்பு எதிர்மின்னேற்றம் உடையது. ஆதலின் அவை நேர்முனையை நோக்கி இழுக்கப்படும். எண்ணெய் போன்ற மாசுகளை உண்ணும் நுண்ணுயிர்களை மண்ணில் பரப்ப இம்முறையை ஆராய்கின்றனர். ஆனால், மின்னோட்டம் மிகுந்தால் நேர்முனையருகே மண் அமிலமாகவும், எதிர்முனையருகே காரமாகவும் மாறி, நுண்ணுயிர்கள் மடியும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சன்றோ?

தொட்டியில் கண்டது வயலிலும் நிகழுமாயின், நெல்லும் விளையும், வானும் காக்கப்படும். காலடிச் சேற்றிலும் கற்கவேண்டியவை பல என்பதை நாம் மறத்தலாகாது.