ஜாக்ஸன் எழுதாத ஜாக்ஸன்

கையொப்பம் சேர்ப்பது ஒருவகைப் பித்து. எனக்கு அது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதிகள்மேல் விழுந்தது. அரும்பாடுபட்டுப் பணம் சேர்த்து முதலில் நான் வாங்கியது ஒரு நிலப் பட்டா. ஆண்டு 1835, அடியில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸனின் பெயர். பெருமை தாங்கவில்லை!

பிறகல்லவா தெரிந்தது! கையொப்பமாகாத பட்டாக்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிவிடவே, ஜனாதிபதியின் பெயரைக் காரியதரிசி ஒருவரே எழுதலாம் என்று 1833-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சபை சட்டம் செய்துவிட்டது. கீழே அந்தக் காரியதரிசியின் பெயரும் இருக்கத்தான் இருக்கிறது. ஆசையில் நான் படிக்கவில்லை.

இத்துறையில் இறங்கும் நண்பர்கள் பழைய தபால் உறைகளைத் தேடலாம். சபை உறுப்பினர் உறையின் மூலையில் தம் பெயரை எழுதிவிட்டால் அன்று தபால் கட்டணம் கிடையாது. 1873-இல் அவ்வுரிமை நிறுத்தப்படும்வரை அப்படி எழுதிய கைகள் எத்தனையோ! அங்கும் சில உறைகளில் குமாஸ்தாவின் கை புகுந்திருக்கும், எச்சரிக்கை.

லிங்கன் கடிதங்களில் ‘ஏ. லிங்கன்’ என்றும், அரசாங்கப் பத்திரங்களில் முழுப்பெயரையும் எழுதுவார். 1841-இல் ஒரே மாதம் ஆண்டு மறைந்த ஹாரிஸன், ஜனாதிபதியாக இட்ட கையொப்பமோ நமக்கு எட்டாக்கனி.

என் பட்டாவை நான் விற்கவில்லை. பார்க்க வருவோருக்குக் காரியதரிசியின் பெயரைத்தான் முதலில் காட்டுகிறேன்.